இரண்டு கிரெடிட்

ஏப்ரல் 8, திங்கள்

இது கல்லூரி ஜனவரியில் கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் தாளாளர் சிரிக்கிறார். மூன்று மாதமாக வெறுமையாகக் கிடந்தது. எனக்கு பி.பி. ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் கௌசல்யா இதைத் தூசி தட்டி மேசைமேல் வைத்துவிட்டாள். "ஏனுங்க, மனசுல இருக்கறத இதுல எழுதுங்க. வீட்டுக்கு வந்து எம்மேல எரிஞ்சு விழாதீங்க" என்றாள். எரிச்சலுக்குக் காரணம் ஐ.டி. துறை என்பதை எத்தனை முறை சொன்னாலும் அவள் நம்புவதில்லை.

நான்காம் ஆண்டு பி.டெக். ஐ.டி. வகுப்புக்கு நான் கிளாஸ் அட்வைசர். இந்த வாரம் தகுதிச் சரிபார்ப்பு. ஒவ்வொரு பிள்ளையும் பட்டம் வாங்கத் தகுதியா என்று ஒரு தாள் போட்டு, கூட்டிப் பார்த்து, கையெழுத்திட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். அறுபத்தொரு பேர், அறுபத்தொரு தாள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பட்டம் என்றால் நாலு வருடம் படித்துப் பரீட்சை எழுதுவது. உள்ளே இருப்பவனுக்குத்தான் தெரியும். பாடத்துக்கு இத்தனை கிரெடிட் என்று உண்டு, மொத்தம் 164 சேர வேண்டும். டிப்ளமா முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு 122. கட்டாயப் பாடம் இத்தனை, விருப்பப் பாடம் இத்தனை, அதில் வேறு துறையிலிருந்து இரண்டு, கடைசி செமஸ்டரில் புராஜெக்ட். கோடை விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் செய்து, அறிக்கை கொடுத்து, வைவா என்ற வாய்மொழித் தேர்வில் பதில் சொன்னால் இரண்டு கிரெடிட். வருகை எழுபத்தைந்து சதவீதம். இதில் ஒரே ஒரு கிரெடிட் குறைந்தாலும் பட்டம் இல்லை. முக்கால் பட்டம் என்று ஒன்று கிடையாது.

இன்று பதினெட்டுத் தாள் முடித்தேன். மின்விசிறி ஓடியது, காற்று வரவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

நாற்பத்து மூன்று வரை. மூன்று பையன்களுக்கு அரியர். அது எல்லாருக்கும் தெரிந்த கதை, அவர்களுக்கே கவலையில்லை.

ஏப்ரல் 10, புதன்

கடைசித் தாள் கோகிலவாணியுடையது. வகுப்பில் அவள் ஒருத்திதான் டிப்ளமா முடித்து வந்தவள். நடுவில் சேர்ந்தவர்களின் எண் பட்டியலின் கடைசியில்தான் வரும். வெள்ளகோவில் பக்கம், அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். நன்றாகப் படிப்பாள், ஒரு பேப்பரிலும் தவறியதில்லை. வளாக நேர்காணலில் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது.

இந்த செமஸ்டரையும் சேர்த்துக் கூட்டினால் 120 வருகிறது. வேண்டியது 122. மூன்று முறை கூட்டினேன். இன்டர்ன்ஷிப் வரியே அவள் மதிப்பெண் பட்டியலில் இல்லை.

அறிக்கை கொடுத்திருக்க மாட்டாள். டிப்ளமா பிள்ளைகளுக்கு இந்த மாதிரி விஷயங்களில் கொஞ்சம் அலட்சியம் உண்டு.

ஏப்ரல் 11, வியாழன்

கோகிலவாணியை அழைத்துக் கேட்டேன்.

"ரிப்போர்ட் குடுத்தியாம்மா?"

"குடுத்தனுங்களே சார். செப்டம்பர்லயே குடுத்துட்டனுங்க. வைவாவுக்கும் வந்தனுங்க. நீங்கதானுங்க கேள்வி கேட்டீங்க."

"சரி, பாக்கறேன். போ."

அவள் போகவில்லை. "ஏதாச்சும் பிரச்சினைங்களா சார்?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவள் முகம் ஒன்றுமில்லை என்பதை நம்பிய முகமாக இல்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

வீட்டு மோட்டார் காயில் எரிந்துவிட்டது. கல்லூரியில் அலமாரியைத் தேட நேரமில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

பல்கலைக்கழக போர்ட்டலில் போன ஜூலைப் பதிவைத் திறந்து பார்த்தேன். நடந்தது இதுதான்.

ஒவ்வொரு செமஸ்டரும் பாடப் பதிவுக்கு மூன்று நாள் திறந்து வைப்பார்கள். மாணவர்கள் தாங்களே பதிய வேண்டும் என்பது விதி. எந்தக் கல்லூரியிலும் அப்படி நடப்பதில்லை. பிள்ளைகளின் பாஸ்வேர்டு அட்வைசரிடம் இருக்கும். அட்வைசர் உட்கார்ந்து, வகுப்பு முழுவதற்கும் 'அனைத்தும் தேர்வு செய்' என்று ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. இருபது நிமிட வேலை. என் வகுப்புக்கு அனுமதிக்கப்பட்ட இடம் அறுபது. போர்ட்டலில் ஒரு பக்கத்துக்கு அறுபது பெயர்தான் வரும். அறுபத்தோராவது பெயர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. 'அனைத்தும்' என்றால் அந்தப் பக்கத்தில் உள்ளவர்கள் மட்டும். அடுத்த பக்கம் ஒன்று இருக்கிறது என்று கீழே கடுகளவு எழுத்தில் போட்டிருக்கிறான்.

மற்றப் பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு உண்டு, ஹால்டிக்கெட்டில் இல்லை என்று அவளே வந்து சொன்னாள், சேர்த்தேன். இன்டர்ன்ஷிப்புக்கு ஹால்டிக்கெட் கிடையாது. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

ஆக, இது மென்பொருளின் கோளாறு. இதை எழுதிய புண்ணியவான் எந்தக் கல்லூரியில் ஐ.டி. படித்தானோ.

ஏப்ரல் 16, செவ்வாய்

அவள் அறிக்கை என் அலமாரியில் இருக்கிறது, மேலிருந்து மூன்றாவது. நீல அட்டை, எண்பத்திரண்டு பக்கம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் எந்த சைஸுக்கு எவ்வளவு துணி வீணாகிறது என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும் ஒரு மென்பொருள். கோயமுத்தூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் நான்கு வாரம் உட்கார்ந்து செய்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து. பக்கத்தில் 93 என்று சிவப்பு மையில் என் எழுத்து.

வைவா வருகைத் தாளிலும் அவள் கையெழுத்து இருக்கிறது. அந்தத் தாள் கோப்புக்குள்ளேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 18, வியாழன்

தேர்வுப் பிரிவில் நாச்சிமுத்துவைப் பார்த்தேன். இருபது வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவர். விதிப் புத்தகம் அச்சாவதற்கு முன்பே அவருக்கு மனப்பாடம் ஆகிவிடும். பேர் சொல்லாமல், ஒரு மாணவி என்று மட்டும் சொல்லிக் கேட்டேன்.

"ஜனவரி முப்பத்தொண்ணு வரைக்கும் திருத்தறதுக்கு டைம் குடுத்திருந்தாங்க சார். அப்பவே ஒரு லெட்டர் குடுத்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமுங்க. மார்க் ஷீட் வந்தப்ப அந்தப் புள்ள பாக்கலீங்களா?"

"தெரியல."

"இப்பன்னா ரெண்டு வழிதானுங்க. ஒண்ணு, தப்பு காலேஜ் மேலதான்னு பிரின்ஸ்பால் கையெழுத்தோட யுனிவர்சிட்டி கன்ட்ரோலருக்கு எழுதோணும். ரிப்போர்ட், வைவா சீட்டு எல்லாம் வெச்சு அனுப்பினா ஸ்பெஷலா அனுமதி குடுப்பாங்க. போன வருசம் ரெண்டு காலேஜுக்குக் குடுத்தாங்க. ஆனா பதிஞ்சது யாருன்னு விளக்கம் கேப்பாங்க, சும்மா விடமாட்டாங்க. இன்னொண்ணு, புள்ள வைவாவுக்கே வரலைன்னு ஆப்சென்ட் போட்டுட்டு நவம்பர்ல அரியரா எழுத வெக்கறது. அதுக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதைதான். அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். சர்க்கரை போட்டிருந்தார், டாக்டர் கூடாது என்றிருக்கிறார்.

ஏப்ரல் 19, வெள்ளி

துறைத்தலைவர் சாந்தாமணி மேடத்திடம் சொன்னேன். அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஈஸ்வரமூர்த்தி சார், ஜூன்ல அங்கீகாரக் குழு வருது. இந்த நேரத்துல 'எங்க தப்பு'ன்னு ஒரு லெட்டர் இங்கிருந்து போனா பிரின்ஸ்பால் என்னைக் கேப்பாரு, தாளாளர் பிரின்ஸ்பாலைக் கேப்பாரு. நான் உங்களைத்தான் காட்டோணும். உங்களுக்கு இன்னும் பிஎச்டி முடியல. முடிக்காதவங்க லிஸ்ட் ஒண்ணு ஆபீஸ்ல ரெடியாகுதுன்னு உங்களுக்கே தெரியும்."

"அந்தப் புள்ள ஜூலைல வேலைல சேரோணுமுங்க மேடம். அரியர் இருந்தா சேத்துக்க மாட்டாங்க."

"கெட்டிக்காரப் புள்ள. வேற வேலை கெடைக்கும். நாப்பத்தஞ்சு வயசுல உங்களுக்குக் கெடைக்குமா?"

நான் எழுந்தேன். "நான் ஒண்ணும் சொல்லல. லெட்டர் எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக் கொண்டாங்க. எதுன்னாலும் கையெழுத்துப் போடறேன்" என்றார். எதைக் கொண்டுபோனால் எது நடக்கும் என்று சொல்லிவிட்டு முடிவை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்த பெருந்தன்மையை மெச்சத்தான் வேண்டும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மோட்டார் சரியானது. மாவு அரைத்து வந்தேன். கௌசல்யா, "என்னமோ மாதிரி இருக்கறீங்க" என்றாள். வெயில் என்றேன்.

ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். வேறு யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். மார்க் ஷீட் வந்தபோது அந்தப் பிள்ளை பார்க்கவில்லையா என்று நாச்சிமுத்து கேட்டார். பார்த்தாள். பொங்கல் விடுமுறை முடிந்த முதல் நாள், மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். "சார், இதுல இன்டர்ன்ஷிப் வரலீங்க" என்றாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "அது எட்டாவது செமஸ்டர்ல சேந்து வரும். போ" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திருத்த இன்னும் இரண்டு வாரம் இருந்தது அப்போது.

ஏப்ரல் 22, திங்கள்

கன்ட்ரோலருக்குக் கடிதம் ஒன்று தட்டச்சு செய்தேன். 'பதிவின்போது வகுப்பு ஆலோசகரின் கவனக்குறைவால்' என்று தொடங்கி ஒரு பக்கம். நன்றாகவே வந்திருந்தது. சேமித்து வைத்தேன், அச்செடுக்கவில்லை.

பிறகு இன்னொன்று தட்டச்சு செய்தேன். மாணவி எழுதுவது போல. 'தவிர்க்க இயலாத காரணத்தால் வைவாவுக்கு வர இயலவில்லை.' நான்கு வரிதான். இதை அச்செடுத்தேன்.

ஏப்ரல் 24, புதன்

கோகிலவாணியை லேபுக்கு வரச் சொல்லித் தாளைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"நான் வரலைன்னு போட்டிருக்குதுங்க சார்."

"அது ஒரு பார்மாலிட்டிம்மா. இப்படி எழுதினாத்தான் நவம்பர்ல பதிய முடியும்."

"ஆனா வந்தனுங்களே."

"வந்தே. யார் இல்லைங்கறா?"

"நடந்தத அப்படியே எழுதிக் குடுத்தா ஒத்துக்க மாட்டாங்களாங்க சார்? மே மாசத்துக்குள்ள முடிஞ்சிருச்சுன்னா ஜூலைல நான் சென்னைல சேந்துக்குவனுங்க. எட்டாந்தேதி சேரச் சொல்லி லெட்டரே வந்திருச்சுங்க."

"ஒத்துக்க மாட்டாங்க. நான் கேட்டுப் பாத்துட்டேன். அப்படி எழுதினா உன்னோட ஏழாவது செமஸ்டரையே நிறுத்தி வெச்சிருவாங்க."

இது பொய். நாச்சிமுத்து சொன்னதற்கு நேர் எதிர். சொல்லும்போது என் குரல் வழக்கம்போல்தான் இருந்தது, பாடம் நடத்தும் குரல். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வீட்ல கேட்டுட்டு நாளைக்கு வர்றனுங்க" என்றாள். தாளை மடிக்காமல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஏப்ரல் 25, வியாழன்

அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அங்கமுத்து என்று பெயர். இரவு ஷிப்டு முடித்து நேராகப் பஸ் ஏறியிருக்கிறார், சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. வணக்கம் வைத்த கையை இறக்கவும் இல்லை.

"சார், என்ற புள்ளைக்கு வேலை போயிருமுங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் மகள் பக்கம் திரும்பிவிட்டார்.

"ஏங்கண்ணு, நாலு வாரம் கோயமுத்தூருக்குப் போனியே. விடியால அஞ்சரை பஸ்ஸுக்கு நாந்தான கொண்டாந்து உட்டேன். அத்தன பண்ணிப்போட்டு ஒரு நாள் அந்தப் பரீச்சைக்கு வரக் கூடாதா? அன்னிக்கு எங்க போயிருந்த?"

அவள் தலை குனிந்திருந்தாள். "மறந்துட்டனுங்கப்பா" என்றாள்.

"மறந்துட்டியா! தேதி மறக்கறவளுக்கு எதுக்கு இத்தன படிப்பு? உன்ற அம்மா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறா, மெட்ராஸுக்குப் போறான்னு. இப்ப நான் என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் தறிக்குப் போவேன்?"

அவர் குரல் ஸ்டாஃப் ரூம் வரை கேட்டது. இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. சொல்லாததோடு நிறுத்தியிருக்கலாம். அவர் என்னைப் பார்த்து, "நீங்க ரெண்டு வார்த்தை புத்தி சொல்லுங்க சார்" என்றார். நான் சொன்னேன். "இனிமே பொறுப்பா இருக்கோணும்மா. இதெல்லாம் சின்ன விஷயம்னு விடக் கூடாது" என்றேன்.

அவள் "சரிங்க சார்" என்றாள்.

எழுதும்போது கை கூசுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது நான், அதை ஊட்டிவிட்டதும் நானே.

ஏப்ரல் 26, வெள்ளி

கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டாள். அறையில் வேறு யாரும் இல்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்பாகிட்ட ஏம்மா அப்படிச் சொன்னே?"

"உண்மையச் சொன்னா உங்ககிட்ட சத்தம் போடுவாருங்க சார். தாளாளர் வரைக்கும் போவாரு."

"அதுக்காகவா?"

"நவம்பர்லயும் நீங்கதானுங்களே மார்க் போடோணும்."

கோபமாகச் சொல்லவில்லை. விதியைச் சொல்வது போலச் சொன்னாள். பட்டத்துக்கு என்னென்ன தேவை என்று நான் போட்ட தாளில் இது விட்டுப்போயிருந்தது.

பிறகு, "அடுத்த பக்கத்துல பேர் இருக்கும், பாத்துப் பதிஞ்சிருங்க சார்" என்றாள். எல்லாம் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை.

மே 3, வெள்ளி

புராஜெக்ட் வைவா. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கோகிலவாணியின் புராஜெக்ட்தான் எல்லாவற்றிலும் சிறந்தது என்றார். "உங்க ஸ்டூடண்டா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மே 6, திங்கள்

வகுப்புப் புகைப்படம். நாற்காலியில் நடுவில் மேடம், பக்கத்தில் நான். எனக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

மே 17, வெள்ளி

கௌசல்யாவின் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய் வந்தோம். பந்தியில் ஒரு பெண் ஐ.டி. படிக்கலாமா என்று கேட்டாள், ப்ளஸ் டூ முடித்தவள். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நல்ல வாய்ப்பு என்று ஏதோ சொல்லியிருப்பேன்.

ஜூன் 13, வியாழன்

அங்கீகாரக் குழு வந்தது. மூன்று பேர், மூன்று நாள். இன்று எங்கள் துறை. நான்காம் ஆண்டின் தகுதிச் சரிபார்ப்புக் கோப்பைப் புரட்டியவர், இவ்வளவு சுத்தமான கோப்பை இந்தப் பயணத்தில் பார்க்கவில்லை என்றார். மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அறுபத்தோராவது தாளில் 'வைவாவுக்கு வரவில்லை. மாணவியின் கடிதம் இணைப்பு' என்று இருக்கிறது. அதுவும் சுத்தமாகத்தான் இருந்தது.

மதியம் சாப்பாட்டில் இரண்டு இனிப்பு. இரண்டையும் சாப்பிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

ரிசல்ட். கோகிலவாணிக்கு எல்லாப் பேப்பரும் பாஸ், துறையிலேயே அதிக மதிப்பெண். ஏழாவது செமஸ்டர் வரியில் மட்டும் இன்டர்ன்ஷிப்: ஆப்சென்ட்.

ஒரு தடவை அரியர் விழுந்தால் பிறகு என்ன மதிப்பெண் எடுத்தாலும் சிறப்புத் தகுதியுடன் முதல் வகுப்பு கிடையாது. பல்கலைக்கழகத் தரவரிசையிலும் பெயர் வராது. அதுவும் விதிதான். எனக்கு ஏப்ரலிலேயே தெரியும், அவளுக்குச் சொல்லவில்லை. இப்போது தெரிந்திருக்கும்.

ஜூலை 8, திங்கள்

இன்று எட்டாந்தேதி.

ஜூலை 10, புதன்

கம்பெனியிலிருந்து மெயில் வந்ததாக வேலைவாய்ப்புப் பிரிவில் சொன்னார்கள். பட்டத் தேவைகளை உரிய காலத்தில் நிறைவு செய்யாததால் அவளுக்குக் கொடுத்த வேலையை ரத்து செய்கிறார்களாம். "நல்ல புள்ள சார், இப்படி அலட்சியமா இருந்துட்டா பாருங்க" என்றார் அங்கிருந்தவர். நான் ஜூலைப் பதிவு இருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

எழுத உட்கார்ந்து அரை மணி ஆகிறது. இதையும் எழுதிவிட்டால்தான் இந்த டைரிக்கு அர்த்தம்.

மென்பொருளின் கோளாறு என்று எழுதியிருக்கிறேன். ஜனவரியில் அவள் சொன்னபோது கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். இரண்டுமே அரைகுறை. இன்டர்ன்ஷிப் மதிப்பெண்ணைப் போர்ட்டலில் ஏற்றியது போன நவம்பரில், நான்தான். சிவப்பு மையில் போட்ட மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றினேன். கையில் அறுபத்தொன்று இருந்தது. திரையில் அறுபதுதான் இருந்தது. 93 மிஞ்சியது. யாருடையது என்று பார்த்தேன், தெரிந்தது. அந்த வாரம்தான் பிஎச்டி முடிக்காதவர்களை மேடம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தப்பையும் கொண்டுபோய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 'சமர்ப்பி' என்பதைத் தட்டிவிட்டேன்.

ஜனவரியில் அவள் வந்து நின்றபோது நான் நிமிர்ந்து பார்க்காததற்குக் காரணம் விடைத்தாள் அல்ல.

செப்டம்பர் 2, திங்கள்

நவம்பர் தேர்வுக்கு அரியர் பதிவு திறந்தது. அவள் பெயரைப் பதிந்தேன். அச்செடுத்துப் பார்த்தேன். நாச்சிமுத்துவிடமும் காட்டிச் சரிபார்த்தேன். இந்தக் கவனத்தைப் பார்த்து அவரே சிரித்தார்.

அக்டோபர் 5, சனி

பட்டமளிப்பு விழா. பந்தலில் ஏர்கூலர் வைத்திருந்தார்கள். எங்கள் துறைப் பெயர்களை நான்தான் படித்தேன். ஐம்பத்தேழு பேர். அரியர் வைத்த அந்த மூன்று பையன்களும் அங்கி போடாமலே வந்து நண்பர்களோடு படம் எடுத்துக்கொண்டார்கள். கோகிலவாணி வரவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பார்சல் விவரம் ஏற்றும் வேலைக்குப் போகிறாளாம். வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள். "ப்ளஸ் டூ படிச்சவங்க பண்ற வேலைங்க சார் அது" என்றாள்.

நவம்பர் 21, வியாழன்

இன்டர்ன்ஷிப் அரியர் வைவா. ஒரே ஒரு ஆள். வெளித் தேர்வாளராகச் சேலத்துக் கல்லூரியிலிருந்து ஒரு பெரியவர், ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும். உள் தேர்வாளர் நான்.

கோகிலவாணி பத்து மணிக்கே வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். அறிக்கையை நான்தான் அலமாரியிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

தேர்வாளர் அறிக்கையைப் புரட்டப் புரட்ட நிமிர்ந்து உட்கார்ந்தார். துணி வீணாவதைக் கணக்கிடும் பகுதியில் நான்கு கேள்வி கேட்டார். நான்குக்கும் பதில் சொன்னாள். ஐந்தாவதற்கு, தான் செய்ததில் எங்கே தவறு இருக்கிறது என்றும் அவளே சொன்னாள். இப்போது பனியன் கம்பெனியிலேயே வேலையில் இருப்பதால் அது கண்ணில் பட்டது என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கியேம்மா. போன வருஷமே வந்திருந்தா இந்நேரம் எங்கேயோ இருந்திருப்பே. ஏன் வரல?"

நான் மதிப்பெண் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறந்துவிட்டேன் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"வந்திருந்தனுங்க சார்" என்றாள்.

"என்னம்மா?"

"போன வருசமும் வந்தனுங்க. இதே ரூம்தானுங்க. இந்த சார்தான் கேள்வி கேட்டாருங்க. தொண்ணூத்தி மூணு போட்டாருங்க."

குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே முதலாண்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். மதிப்பெண் தாளைக் கீழே வைத்தேன்.

"ஆமாங்க சார். வந்திருந்தா. நான்தான் அவ பேரைப் பதியாம விட்டுட்டேன். தெரிஞ்ச பொறவும் சொல்லல."

ஏப்ரலிலிருந்து எந்த வாக்கியத்துக்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ, அதைச் சொல்லி முடிக்க ஐந்து நொடி ஆகவில்லை. அடுத்து என்ன என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அட, விடுங்க சார். எல்லாக் காலேஜுலயும் நடக்கறதுதான். இப்ப அதெல்லாம் கெளறி என்ன ஆகப்போகுது? எவ்வளவு போடலாம் சொல்லுங்க, எனக்கு ஒரு மணிக்குப் பஸ்."

தொண்ணூற்றெட்டு போட்டார். நானும் கையெழுத்திட்டேன். 122 சேர்ந்துவிட்டது. கோகிலவாணி இனி ஒரு பி.டெக்.

அவள் எழுந்து அவரைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க சார்" என்றாள். அறிக்கையை மேசையிலேயே விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தாள். நான் எழுந்து பின்னாலேயே வராந்தா வரை போனேன்.

"கோகிலவாணி, நான் வேணும்னா உன்ற அப்பாகிட்ட பேசறேன். நடந்ததச் சொல்லிடறேன்."

அவள் நின்றாள். "அப்பா சித்திரைல இருந்தே எங்கூடப் பேசறதில்லீங்க சார்" என்றாள். "நீங்க சொன்னா என்னைத் திட்டினதுக்கு அழுவாரு. வேண்டாங்க."

மத்தியான ஷிப்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.